சோறு ஆக்க விட்டவர்களுக்கு

கடலூர் மக்களுக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமைதோறும் நடக்கிற சமையல் வகுப்பைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 16 வயதிலிருந்து 25 வயது வரை உள்ள பிள்ளைகள் வருகிறார்கள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காத துறுதுறுப்பு), கற்றல் குறைபாடு என்று ஆளுக்கொரு விதம். நடத்துவது நாங்கள்தான், அவர்களைப் பெற்றவர்கள். முதல் அணி இந்த மாதத்தோடு முடிகிறது. வந்தவர்கள் எல்லோரும் இப்போது ஏதாவது ஒன்றையாவது தாங்களாகவே செய்து சாப்பிடுகிறார்கள். சிலருக்கு நாலைந்து வகை வருகிறது. ஒரு பையன் தயிர் சாதத்தைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்று நிற்கிறான். சரி, தயிர் சாதம் சாப்பிட்டும் உயிர் வாழலாம்.

நன்றி சொல்ல ஒரு விழா வைக்கலாம் என்று பேச்சு வந்தது. மைக், கைதட்டல் என்றால் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். பொன்னாடை என்றால் நீங்களும் வர மாட்டீர்கள். அதனால்தான் இந்த மடல். யாருடைய பெயரையும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

பள்ளி முடிந்ததும் எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் அது 21 ஆனது, ஆட்டிசமும் அந்தப் பட்டியலில் ஏறியது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினோம், அலுவலகப் படி ஏறி இறங்கினோம். ஆனால் ராத்திரி படுக்கும்போது வருகிற கேள்வி வேறு. நமக்குப் பிறகு இவனுக்கு யார் சோறு போடுவார்கள்? அந்தக் கேள்விக்குப் பாதி பதிலாவது தேடத்தான் இதைத் தொடங்கினோம்.

எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட இந்த ஊரில் நிறையப் பேர் வருகிறார்கள். பிறந்தநாள் என்றால் பிரியாணி, அமாவாசை என்றால் வடை பாயசம். குறை சொல்லவில்லை, நன்றாகவே சாப்பிட்டோம். அவர்களைச் சோறு ஆக்க விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த மடல் அந்தக் கொஞ்சம் பேருக்கு.

முதலில் வீட்டுக்கார ஐயாவுக்கு. நாங்கள் இடம் கேட்டு அலைந்தபோது ஓரிடத்தில், “தீப்பிடித்தால் யார் பொறுப்பு?” என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்டு அனுப்பிவிட்டார்கள். நீங்களும் அதே கேள்வியைத்தான் கேட்டீர்கள். கேட்டுவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டீர்கள்.

எலக்ட்ரீஷியன் தம்பி, நீங்கள் செய்தது வயரிங் வேலை மட்டும் இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கைத் தள்ளிப் போட்டு, தனி டிரிப்பர் வைத்து, கதவோரமாகப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அணைக்கும் சுவிட்சை மாட்டினீர்கள். இன்டக்ஷன் அடுப்பின் ஒவ்வொரு பட்டனுக்கும் வருகிற ‘பீப்’ சத்தம் ஒரு பெண்ணுக்கு ஆகவில்லை. அடுப்புப் பக்கமே வர மறுத்தாள். நீங்கள் அதைக் கழற்றி உள்ளே இருந்த பஸ்ஸரை அடக்கிக் கொடுத்தீர்கள். தேவைப்படுகிற இரண்டு பட்டன்களுக்கு நெயில் பாலிஷில் சிவப்புப் பொட்டு வைத்து, மற்றவற்றை டேப் ஒட்டி மூடியதும் உங்கள் யோசனைதான். மறுவாரம் அவள் அடுப்பைப் போட்டாள்.

திருப்பாதிரிப்புலியூர் பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு அடுத்து. இன்டக்ஷனில் எல்லா எவர்சில்வரும் சூடேறாது, அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். நீங்கள் காந்தத்தைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட்டு, “எது ஒட்டுதோ எடுத்து வைங்க” என்றீர்கள். முகூர்த்த நாள் கூட்டத்தில் கடை முழுக்கத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவன் மூடிகளை எல்லாம் அளவு வாரியாக அடுக்கித் தந்துவிட்டுத்தான் வந்தான். அந்த அடுக்கைக் கலைக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டோம்.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா இல்லாவிட்டால் எங்களுக்குப் பாடமே இருந்திருக்காது. எங்களை மாதிரி அம்மாக்களிடம் சமையல் கேட்டால் என்ன சொல்வோம்? உப்பு தேவைக்கு, தண்ணீர் கை பார்த்து, வெங்காயம் பொன்னிறமாக. எங்கள் பிள்ளைகளுக்கு இது ஒன்றுமே சொல்லாததற்குச் சமம். ‘தேவைக்கு’ என்றால் எவ்வளவு என்று என் மகன் என்னைக் கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் வகுப்பென்றால் 150 கிராம் என்று வருஷக்கணக்கில் அளந்து போட்ட கை அது. ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளர் வறுத்த ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன். அந்த டீஸ்பூனை உப்பு டப்பாவோடு நூலில் கட்டியே வைத்துவிட்டார். வதங்கிய வெங்காயத்தைப் படம் எடுத்து அடுப்புக்கு நேரே ஒட்டினோம். வாணலியைப் பார், படத்தைப் பார், ஒரே நிறமா, அணை.

தாளிப்பதுதான் எல்லோருக்கும் பயம். எண்ணெய் காய்ந்ததும் கடுகு போட்டால் முகத்துக்கே தெறிக்கும். அக்கா ஆழமான பாத்திரத்தில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே கடுகைப் போட்டு, மூடிவிட்டு, பிறகு அடுப்பைப் போடச் சொன்னார். கடுகு வெடிக்கிற சத்தம் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு மூடியைத் திற. கைதேர்ந்த மாமிகள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். குக்கரையும் அக்காதான் வெளியே அனுப்பினார். விசிலுக்குப் பயந்து மேசைக்கு அடியில் போகிற பிள்ளையிடம் மூன்று விசில் எண்ணு என்பதில் என்ன நியாயம்? வெந்ததும் தானாகவே அடங்கிவிடுகிற எலக்ட்ரிக் குக்கர் வந்தது. அதை வாங்கிக் கொடுத்த நண்பருக்கும் இங்கேயே நன்றி.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் தேசிய நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஸ்பெஷல் டீச்சர் ஒருவர் மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வந்தார். சமையலைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுங்கள் என்றார். முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. முதல் நாளே வெங்காயம் நறுக்க விட்டால் கண் எரியும், கை வலிக்கும், சோறு கண்ணில் படவே ஒரு மணி நேரம் ஆகும். யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால் எலுமிச்சை சாதத்தில் எல்லாவற்றையும் நாம் முடித்துவிட்டு, சாறு பிழிந்து கிளறுவதை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். பிழிந்தான், கிளறினான், சாப்பிட்டான். அதில் கை பழகியதும் அடுப்பை அணைப்பதும் அவன் வேலை, அப்புறம் தாளிதத்தில் சோற்றைக் கொட்டுவது, அப்புறம் தாளிப்பதே. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒவ்வொரு நாளும் சமையலை முடித்தவன் அவன்தான்.

டீச்சர் சொன்ன இன்னொன்று எங்களுக்கு வலித்தது. “நீங்கள் பேசுவதை நிறுத்துங்கள்” என்றார். கையைப் பிடித்து உதவினால் கையை எடுத்துவிடலாம், படம் காட்டினால் படத்தை எடுத்துவிடலாம், வாயால் “ம்… அடுத்து?” என்று சொல்லிப் பழக்கினால் அதை எடுப்பதுதான் கஷ்டமாம். அந்த “ம்” வரும்வரை பிள்ளை கரண்டியோடு காத்திருக்கும். நாங்கள் கேட்காததால் அம்மாக்களை எல்லாம் மாடிப்படியில் உட்கார வைத்தார். அங்கிருந்தும் ஒரு அம்மா இருமினார், உள்ளே மகள் அடுத்த வேலையைத் தொடங்கினாள். அந்த இருமலுக்கும் தடை வந்தது. டீச்சர், உங்கள் மேல் கோபப்பட்டவர்கள் சார்பாகவும் நன்றி.

ஸ்டுடியோ அண்ணனுக்கு ஒரு விஷயம். படிப்படியான படங்கள் எடுக்க வந்தபோது நீங்கள் எதிரே நிற்காமல், சமைக்கிறவரின் தோளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே எடுத்தீர்கள். லேமினேஷன் பளபளத்ததால் டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் படம் தெரியவில்லை என்றதும் மங்கலான தாளில் மறுபடி எல்லாம் போட்டுத் தந்தீர்கள், காசு வாங்கவில்லை. இங்கே நன்றாகச் செய்த ஒரு பெண்ணுக்கு வீட்டில் வரவில்லை. வகுப்பில் இருந்தது நீலக் கைப்பிடி வாணலி, அவள் வீட்டில் கறுப்பு. அவளுடைய வீட்டுப் பாத்திரங்களையே வைத்துப் புதிய அட்டை போட்டீர்கள். வந்துவிட்டது.

இனி தேவனாம்பட்டினத்து மீன்கார அக்கா. உங்களைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் மீன் குழம்பு மட்டும்தான் கற்றுக்கொள்வேன் என்றான். எங்களில் யாருக்கும் கத்தியும் மீனும் சேர்ந்தால் தைரியம் இல்லை. நீங்கள் நெத்திலிக் கூடையோடு வந்தீர்கள். நெத்திலிக்குக் கத்தியே வேண்டாம் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. உடம்பை இடது கையில் பிடித்து, தலையை வலது கை விரலால் கிள்ளிக் கீழ்ப்பக்கமாக இழுத்தால் குடலும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நீங்கள் எதையும் விளக்கவில்லை. எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். எதிரே உட்கார்ந்தால் இடதும் வலதும் மாறிப்போய்க் குழம்புவார்கள் என்று டீச்சர் பிறகு சொன்னார். உங்களுக்கு அது யாரும் சொல்லித் தெரிந்ததில்லை, உங்கள் அம்மா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

நாற்றம் தாங்காதவர்கள் மொட்டை மாடிக்குப் போனார்கள். ஈரமாக எதையும் தொட முடியாத ஒரு பெண் போகவும் மனமில்லாமல், தொடவும் முடியாமல் நின்றாள். நீங்கள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து நெத்திலிக் கருவாட்டை அவள் முன் கொட்டினீர்கள். காய்ந்த தலையைக் கிள்ளுவதில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. கிள்ளிய தலைகளை வரிசை வைத்தாள், நீங்களும் வரிசை வைத்தீர்கள். அன்று குழம்பில் புளியும் மிளகாய்த்தூளும் கொதித்த பிறகு கடைசியாக மீனைப் போட்டு, கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியை மட்டும் சுழற்றச் சொன்னீர்கள். அந்தப் பையன் சட்டியைச் சுழற்றியபோது அவன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

எங்கள் வீடு சைவம். என் மகன் அதைப் பொருட்படுத்தவில்லை, நெத்திலி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். என் மாமியார் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர்களுக்கு நன்றி. சைரன் போடாமல், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தீர்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடு என்று சொல்லி ஒவ்வொருவரையும் செய்ய வைத்தீர்கள். வண்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று ஒரு பையன் திரும்பத் திரும்பக் கேட்டான். உங்களில் மூத்தவர் ஒவ்வொரு முறையும் முதல் தடவை சொல்வது போலவே சொன்னார்.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையேறிய ஊர் இது. கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் இருந்திருக்கிறோம். இன்டக்ஷனை மட்டும் நம்ப முடியாது என்று ஒரு பையனின் பாட்டி முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதோடு நிற்காமல் அடுப்பே இல்லாத பாடத்தையும் அவரே எடுத்தார். கெட்டி அவலை ஊறவைத்துத் தயிர், உப்பு, மாங்காய்த் துருவல் சேர்ப்பது, பொரியில் வெங்காயமும் வேர்க்கடலையும் கலப்பது. எங்கள் தயிர் சாதக்காரன் அவலையும் தயிர் சாதக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

நெல்லிக்குப்பம் பஸ் கண்டக்டருக்கு. சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை என்பது 2021இல் வந்த ஏற்பாடு. காசு வாங்காத டிக்கெட்டை இரைந்தபடி கிழித்துக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். நீங்கள் அந்த டிக்கெட்டைப் பையன் கையிலேயே கொடுக்கிறீர்கள். அவனுக்கு டிக்கெட் கையில் இல்லாமல் பஸ் நகரக் கூடாது.

புதுப்பாளையம் டெய்லர், முதுகில் நாடா கட்டத் தெரியாதவர்களுக்கு ஒட்டுப் பட்டை வைத்து, உறுத்துகிற லேபிள் எதுவும் இல்லாமல் ஏப்ரன் தைத்துக் கொடுத்தார். எல்லாம் நன்றாகத் துவைத்து வந்த பருத்தி. நன்றி அண்ணா.

எங்கள் பிள்ளைகளின் அண்ணன், தங்கைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சனிக்கிழமை டியூஷனை விட்டுவிட்டு வந்து, அடிப்பிடித்த உப்புமாவையும் உப்பு இல்லாத சுண்டலையும் சாப்பிட்டுவிட்டு, “இதில் உப்பு இல்லை” என்று நேராகச் சொன்னவர்கள் நீங்கள்தான். நாங்கள் எல்லாவற்றையும் சூப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்த அணி பொங்கல் முடிந்ததும் தொடங்குகிறது. பழைய இன்டக்ஷன் அடுப்பு இருந்தால், பட்டன் அமுக்குகிற மாடலாகப் பார்த்துக் கொடுங்கள், தொட்டால் வேலை செய்கிற மாடல் ஈரக் கைக்கு ஒத்துவரவில்லை. சேர விரும்பும் பெற்றோர் உங்கள் வீட்டு அடுப்படியை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். மாடிப்படியில் இடம் இருக்கிறது.

கீழே இருக்கிற டீக்கடை அண்ணே, எங்கள் கணக்கு நோட்டில் பாக்கி நிற்கிறது. இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புகிறோம், சில்லறையை எண்ணி அவர்கள் கையிலேயே கொடுங்கள். கொஞ்சம் நேரம் ஆகும்.

இப்படிக்கு,
வகுப்புப் பெற்றோர் எல்லோருக்கும் சேர்த்து,
எலுமிச்சை சாதக்காரனின் அம்மா
மஞ்சக்குப்பம், கடலூர்