பூஜ்யம் பைட்

சேகர்,

மூன்று மாதமாகப் பதில் போடாதவன் எழுதுகிறான் என்றால் காரியம் இருக்கும் என்று உனக்குத் தெரியும். கடன் கேட்க இல்லை, பயப்படாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

நம் லாக் சேகரிக்கும் டூல் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கஸ்டமர் சர்வர் மெமரி தீர்ந்து படுத்துவிட்டது. டூல் எடுத்துவைத்த லாக் மூட்டையைப் பிரித்தால், மெமரி நிலவரம் சொல்லும் மெம்இன்ஃபோ ஃபைல் 0 பைட். எரர் கிடையாது, 'வெற்றி' என்று வேறு எழுதியிருக்கிறது! என் மெஷினில் ஓட்டினால் ஒழுங்காக வருகிறது. இரண்டு ராத்திரி போனது. கடைசியில், புரோகிராம் கர்னலிடம் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) என்னென்ன கேட்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டதும் மாட்டியது: ஃபைலைக் காப்பி அடித்துக் கொடு என்று கேட்கும் காப்பி_ஃபைல்_ரேஞ்ச் அழைப்பு, பதில் 0.

சர்வரில் லினக்ஸ் கர்னல் 5.4. மெம்இன்ஃபோ மாதிரி, படிக்கும்போதுதான் கர்னல் உருவாக்கும் 'ப்ராக்' ஃபைல்கள் பெரும்பாலும் தங்கள் அளவு 0 என்றுதானே சொல்லும்? கர்னல் அதை நம்பி, காப்பி அடிக்க ஒன்றும் இல்லை என்று கையை விரித்துவிட்டது. 5.3க்கு முன்னால் வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு (ப்ராக் ஒன்று, டிஸ்க் இன்னொன்று) காப்பி கேட்டால் முடியாது என்று எரர் வரும்; நாமும் நாமே படித்து எழுதும் ரீட், ரைட்டுக்குப் போய்விடுவோம். 2022இல் 5.19இல் மறுபடி அதே பதிலுக்குத் திரும்பிவிட்டார்கள். பழசும் சரி, புதுசும் சரி. நடுவில் வந்தவன்தான் சிரித்துக்கொண்டே கழுத்தறுத்தான்.

"யூநேம் சொல்லும் கர்னல் நம்பரைப் பார்த்து ஒரு இஃப் போடுடா" என்பாய். போடமாட்டேன். ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 தன் கர்னலை 4.18 என்று சொல்லும். உள்ளே பின்னாள் கர்னல்களிலிருந்து எடுத்து ஒட்டியது எவ்வளவு! 2011இல் 3.0 வந்தபோது, 2.6 என்றே எதிர்பார்த்த புரோகிராம்கள் திணறியதால் கர்னலுக்கே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பொய்யை செட்ஆர்ச் கமாண்டில் கேட்டால் 3.0கூட 2.6.40 என்று சொல்லும். அந்த நம்பரை நம்பச் சொல்கிறாயா?

முதல் அழைப்பிலேயே 0 வந்தால் ரீட் போட்டுப் பார் என்று வைத்துவிட்டேன். நிஜமாகவே காலி ஃபைல் என்றால் ஒரு ரீட் வீண், அவ்வளவுதான்.

ஆனால் மனசு ஆறவில்லை. இதே டூலை நம்பி எத்தனை பேர் காலி மூட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களோ. புதுப் பையன் நேற்று, "இந்த நாலு வரி எதுக்கு சார், தூக்கிடலாமா?" என்றான். என் மெஷினில் அது இல்லாமலே எல்லா டெஸ்ட்டும் பாஸ், அவனைச் சொல்லி என்ன? 0 அளவு சொல்லும் ஃபைலுக்கு ஒரு டெஸ்ட் எழுதி, அந்த 5.4 கர்னலில் ஓட வைத்திருக்கிறேன். மேலே பெரிய கமெண்ட். அதில் உன் பேரும் இருக்கிறது; முதல் வெர்ஷன் நீ எழுதியதுதானே, திட்டு வந்தால் பாதி வாங்கிக்கொள்.

முரளி