நடைக் குழுவின் ஆண்டறிக்கை: ஓர் ஆறு, இரண்டு மரப்பாலம்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வாராவாரம் ஒரு பூங்கா என்று சுற்றாமல், ஒரே ஆற்றைத் தலை முதல் கால் வரை பார்ப்போம் என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்தோம். மேற்கு மிச்சிகனில் காரில் போய்த் திரும்ப வசதியாக இருந்தது பிளாட் ஆறு. மாண்ட்கம் கவுண்டியில் சிக்ஸ் லேக்ஸ் பக்கத்து ஏரிகளில் தொடங்கி, கிரீன்வில், பெல்டிங் வழியாகத் தெற்கே இறங்கி, லோவலில் கிராண்ட் ஆற்றில் கலக்கிறது. ஏறத்தாழ 70 மைல். கிராண்ட் ஆறு அந்தத் தண்ணீரைக் கிராண்ட் ஹேவனில் மிச்சிகன் ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஐந்து நடைகள் திட்டமிட்டோம், நான்கு நடந்தன. ஏப்ரல் நடையைச் சேறு தின்றுவிட்டது. ஜூலையில் நடைக்குப் பதிலாகப் படகு என்றோம். தண்ணீர் முழங்கால்கூட இல்லை. படகின் அடி கல்லில் கரகரவென்று உரச, பாதித் தூரம் இறங்கி இழுத்தோம். "படகுச் சவாரி என்று கூப்பிட்டுப் படகுக்குச் சவாரி கொடுக்க வைத்துவிட்டீர்கள்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். மழையில்லாத மாதத்தில் ஆற்றை விசாரிக்காமல் நாள் குறித்தது என் தவறுதான்.

பெல்டிங் யாரும் எதிர்பார்க்காத ஊர். இந்தக் குளிரில் பட்டு நூல் ஆலைகள்! பெல்டிங் சகோதரர்கள் நடத்தியவை. வேலைக்கு வந்த பெண்களுக்காக 1906இல் கட்டிய பெல்ராக்டன் விடுதி இன்று அருங்காட்சியகம். அங்கிருந்து நம் பெண் உறுப்பினர்களைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

லோவலில், ஆறு முடியும் இடத்தில், இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒட்டாவா மக்களின் தலைவர் கோப்மூசா வாழ்ந்திருக்கிறார். அவர் பெயருக்குப் 'பெரும் நடையர்' என்று பொருளாம். நம் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

சரி, பாலங்களுக்கு வருகிறேன். இரண்டுமே மூடுபாலங்கள், அதாவது மேலே கூரையும் பக்கத்தில் சுவரும் போட்டு மூடிய மரப்பாலங்கள். லோவலுக்கு வடக்கே ஃபாலஸ்பர்க் பாலம்: 1871, நூறடி நீளம், ஜேரட் பிரேசி கட்டியது, அன்றைய செலவு 1,500 டாலர். இன்றும் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் போகலாம். முகப்பில் ஒரு பலகை: நடை வேகத்தைத் தாண்டிக் குதிரையோ வண்டியோ ஓட்டினால் 5 டாலர் அபராதம். நாங்கள் நடந்தே போனதால் தப்பித்தோம்.

உள்ளே போனதும் இருட்டு. கண் பழகியபின் இரண்டு பக்கமும் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த பைன் கட்டைகள். நேராக நிற்கும் தூண் கிடையாது. ஜோசியா பிரவுன் 1857இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. இரும்பு மிகக் குறைவு, மரமும் சிக்கனம். ஒரு கார் வந்தது. சுவரோடு ஒட்டி நின்றோம். காலுக்கடியில் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடத்தன. கையை வைத்திருந்த கட்டையில் அந்த அதிர்வு ஏறி இறங்கியது.

கூரை பனிக்காக என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. மழை பட்டு அந்தச் சாய்ந்த கட்டைகள் உளுத்துப் போகாமலிருக்கத்தான். தரைப் பலகை கெட்டால் மாற்றிவிடலாம், கட்டை கெட்டால் பாலமே போச்சு. பனியைப் பொறுத்தவரை கதை தலைகீழ்: சறுக்குவண்டி ஓட வேண்டுமென்று, இதுபோன்ற பாலங்களுக்குள் அந்தக் காலத்தில் பனியை அள்ளிக் கொட்டினார்களாம்.

ஆற்றில் இன்னும் மேலே போனால், அயோனியா கவுண்டியில் வைட்ஸ் பாலம். அதே பிரேசி, வாக்கர் என்பவரோடு சேர்ந்து 1869இல் கட்டியது. 2013 ஜூலை 7ஆம் தேதி எரிந்து போனது. அதே அமைப்பில் புதிதாகக் கட்டி 2020இல் திறந்தார்கள். இதை நம் குழுவின் பழம்பாலப் பட்டியலில் சேர்ப்பதா என்று செயற்குழு இரண்டு கூட்டம் சண்டை போட்டது. திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்தால் கோயில் புதுசாகிவிடுமா என்று ஒருவர் கேட்டார். திருப்பணியில் கருவறை அப்படியே இருக்குமே, இங்கே பாலமே சாம்பலாகிவிட்டதே என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயம். எனக்கு அங்கே நின்றபோது பழசு என்று தோன்றவில்லை. ஆனால் 1869இல் பிரேசியின் பாலம் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்பது, நரைத்துப் போன ஃபாலஸ்பர்க்கைவிட இங்கேதான் தெரிந்தது. கடைசியில் இரண்டு ஆண்டுகளையும் போட்டுச் சேர்ப்பது என்று தீர்மானம். கைதூக்கியவர்களில் நானும் ஒருவன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வண்டி கொடுத்தவர்களுக்கும், புளியோதரை கட்டிவந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தார்னாப்பிள் ஆறு. ஆடா ஊரில் அதன் மேல் ஒரு மூடுபாலம், நடப்பவர்களுக்கு மட்டும். அது 1979இல் எரிந்து, மறுபடி கட்டியது. ஆகவே பட்டியல் சண்டை இப்போதே தொடங்கிவிட்டது. முதல் நடைக்குப் பெயர் கொடுக்கும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. காரில் எத்தனை இடம் காலி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்