மீன் தொட்டிக்குள் கப்சூல் உடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொட்டியில் மீனொன்று சோர்ந்து கிடந்தால் பாமசியில் ரெற்றாசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் கப்சூல் இரண்டு வாங்கி, உடைத்துத் தண்ணீரில் தூவுவது வன்னியில் பலரிடம் பழகிப்போயிற்று. மீன் விற்கும் கடைக்காரரே இப்படிச் சொல்லி அனுப்புவதும் உண்டு. எந்த ஊரிலும் இது பிழைதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வீண் வேலையும்கூட. வன்னியில் பல கிணறுகளின் நீர், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும் கடின நீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் ரெற்றாசைக்கிளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீனின் உடம்புக்குள் சேர்வது சொற்பமே. மிச்சம் வெளிச்சம் பட்டு மண்ணிறமாகி, மேலே நுரை கட்டி நிற்கும்.

மீன் சோர்ந்தால் முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். கழிவும் தின்னாமல் விட்ட தீனும் மீனுக்கு நஞ்சான அமோனியாவாக மாறும். அதை நைத்திரேற்றாக்கும் பற்றீரியா புதுத் தொட்டியின் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே பத்து கோல்ட் பிஷ் விட்டால் இரண்டாம் கிழமையில் சாவு தொடங்குவது இதனால்தான். நீரின் காரத்தன்மையைக் காட்டும் பீஎச் அளவு 7 இலிருந்து 8 ஆகும்போது அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். கடின நீரில் பீஎச் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும், வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எல்லா மீனும் ஒருசேர மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், செவுள் சிவந்து தெரிந்தால், குற்றம் தண்ணீரில். ஒன்றிரண்டில் மட்டும் புள்ளியோ புண்ணோ தெரிந்தால் நோயை யோசிக்கலாம்.

தண்ணீர்தான் காரணமென்றால், மூன்றிலொரு பங்கை இன்றும் அடுத்த இரண்டு நாளும் மாற்றுங்கள். அந்த நாட்களில் தீன் வேண்டாம். வளர்ந்த மீன் சில நாள் பட்டினியால் சாகாது. குழாய் நீரென்றால் குளோரின் போக, வாளியில் காற்றுப் பம்பைப் போட்டு ஒரு நாள் வையுங்கள். கிணற்று நீரையும் இறைத்த கையோடு ஊற்றாமல் ஓரிரவு விடுவது நல்லது. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குடியேறிய பற்றீரியா போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

அடிக்கடி வருவது வெள்ளைப்புள்ளி. உப்புக்கல் தூவினதுபோலச் செட்டையிலும் உடலிலும் புள்ளிகள். மீன் கல்லில் உரசும். ஆண் கோல்ட் பிஷ்ஷுக்கு இனப்பெருக்க காலத்தில் செவுள் மூடியிலும் பக்கச் செட்டையின் முன் ஓரத்திலும் வெள்ளைப் பொட்டு வரும், அது நோயல்ல. அதற்கும் மருந்து ஊற்றி நல்ல மீனைக் கொன்றவர்கள் உண்டு. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து அடியில் விழுந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து, குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் வேளையில்தான் சாகும். ஆகவே புள்ளி மறைந்த அன்றே நிறுத்தினால் அடுத்த கிழமை இரட்டிப்பாக வரும். பத்து நாளாவது தொடர வேண்டும்.

மருந்து ஆனையிறவுப் பக்கமே விளைகிறது. கல்லுப்பு லீற்றருக்கு 2 கிராம். தொட்டியின் நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லீற்றர் வரும். மணலுக்குப் பத்திலொன்று கழியுங்கள். 60, 30, 35 என்றால் 63. கழித்தால் ஏறக்குறைய 57. உப்பு 114 கிராம், தனியே கரைத்து ஒரு நாளுக்குள் மூன்று தரமாக. பிறகு நீர் மாற்றும்போது, எடுத்த நீரின் அளவுக்கு மட்டும் உப்புச் சேர்க்க வேண்டும். இதை மறந்து ஒவ்வொரு முறையும் முழு அளவைப் போடுவதால்தான் உப்பு ஏறி மீன் வாடுகிறது. கப்பி, மொல்லி, கோல்ட் பிஷ் தாங்கும். கெளுத்தி இனங்களும் நீர்ச்செடிகளும் தாங்கா. மார்கழி, தை இரவுகளில் நீர் குளிர்ந்தால் ஹீற்றரால் 30 பாகைக்கு மெதுவாக ஏற்றலாம், ஒட்டுண்ணியின் சுற்று விரைவாக முடியும். சித்திரையில் அது தேவையில்லை. சூடான நீரில் ஒட்சிசன் குறையும் என்பதால் கரண்ட் நின்று பம்பும் நின்றால் குவளையால் அள்ளி அள்ளி ஊற்றுங்கள்.

உதட்டில் பஞ்சுபோலவோ முதுகில் சேணம் வைத்ததுபோலவோ சாம்பல் வெள்ளைப் படை தெரிந்தால் ஹீற்றரைத் தொடாதீர்கள். பூஞ்சணம் என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அது பற்றீரியா, சூட்டில் இன்னும் வேகமாகப் பரவி ஓரிரு நாளில் கொன்றுவிடும். மீனைத் தனி வாளியில் பிரித்து மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அன்ரிபயோட்டிக் தேவைப்படுவது இந்த இடத்தில்தான், அதுவும் தீனில் கலந்து, அவர் சொல்லும் அளவில். வயிறு வீங்கி, மேலிருந்து பார்க்கச் செதில்கள் அன்னாசித் தோல்போல நிமிர்ந்து நின்றால் பிழைப்பது அரிது.

மருந்து கலந்த தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்ற வேண்டாம். நோயாளி மீனையும், தொட்டிப் பாசியைத் தின்னவென்று வாங்கிப் பெருத்துப்போன ராங் கிளீனர் மீனையும் "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று குளத்தில் விடவும் வேண்டாம். ராங் கிளீனர் இலங்கை நீர்நிலைகள் சிலவற்றில் ஏற்கனவே பெருகிவிட்டது. கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: மீனைக் கட்டிக் கொடுக்கும் பையோடு, தொட்டி எத்தனை லீற்றர், அதற்கு உப்பு எத்தனை கிராம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். பாமசிக்காரர்கள், வைத்தியரின் சீட்டு இல்லாமல் மீனுக்கென்று கேட்பவருக்குக் கப்சூல் கொடுக்காதீர்கள்.

வண்ண மீன் வளர்ப்பாளர்கள் சிலர்,
கிளிநொச்சி.