சொல்லில் அடங்காததற்கு எத்தனை மார்க்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த மூளையும் இறையனுபவமும் பற்றிய கட்டுரை, மருந்து கொடுத்தால் இறையனுபவம் வாய்க்குமா என்று 1962-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் நடத்திய சோதனையை ஒரே வரியில் சொல்லிவிட்டு, ‘அனுபூதி என்பது வெறும் ரசாயனம்’ என்று முடிகிறது. அந்தச் சோதனை அவ்வளவு தூரம் தாங்காது.

அன்று புனித வெள்ளி. மார்ஷ் சேப்பல் என்ற பல்கலைக்கழகத் தேவாலயத்தில் மேலே வழிபாடு நடக்க, கீழ்த்தளத்தில் இறையியல் மாணவர்கள் 20 பேர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சோதனையை நடத்திய ஆய்வாளர் வால்டர் பான்கே அவர்களில் 10 பேருக்கு, சிலவகைக் காளான்களில் உள்ள, மனநிலையை மாற்றும் பொருளான சைலோசைபினை 30 மில்லிகிராம் கொடுத்தார். மற்றவர்களுக்கு 200 மில்லிகிராம் நிக்கோடினிக் அமிலம். இந்த அமிலம் உடம்பில் சூடேற்றி முகத்தைச் சிவக்கவைக்கும் என்பதால், யாருக்கு எது கிடைத்தது என்று தெரியாமல் போகும் என்பது கணக்கு. சூடு தணிந்ததும், பக்கத்தில் இருப்பவரின் போக்கைப் பார்த்ததும் குட்டு உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் தம் அனுபவம் பற்றி நிரப்பிய கேள்வித்தாள்களை எப்படி எடைபோடுவது?

ஆனாலும் ‘ரசாயனம், ஆகவே பொய்’ என்பதும் நிற்காது. வேப்பமரத்தைப் பார்க்கும்போதும் மூளையில் ரசாயனம் ஓடத்தான் செய்கிறது. அதனால் மரம் பொய்யாகிவிடுவதில்லை. ஓர் அனுபவம் எங்கிருந்து முளைத்தது என்பதை வைத்து அதன் மதிப்பைத் தீர்க்கக்கூடாது என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-லேயே எழுதிவிட்டார். மரம் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாம், தொட்டுப் பார்க்கலாம். அனுபூதிக்கு அந்த வசதி கிடையாது. உண்மையான சிக்கல் அதுதான்.

‘எல்லா மதத்தினருக்கும் ஒரே அனுபவம்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்பிக்கையும் பயிற்சியும் அனுபவத்தையே வார்க்கின்றன என்று தத்துவ ஆய்வாளர் ஸ்டீவன் காட்ஸ் 1978-இல் வாதிட்டார். பாஸ்டனில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கிறிஸ்தவ மாணவர்கள். நாளும் இடமும் வேறு கூட்டுச் சேர்ந்திருந்தன. அந்தச் சூழல் மட்டும் போதுமென்றால் அமிலம் வாங்கியவர்களுக்கும் அதே அளவு வாய்த்திருக்க வேண்டும்; வாய்க்கவில்லை.

கட்டுரையாளர் தொடாத இடம் கேள்வித்தாள். ஒருமை, காலம்-இடம் கடந்த நிலை, ஆனந்தம் என்று தத்துவ அறிஞர் வால்டர் ஸ்டேஸ் முதலியோர் வகுத்த தன்மைகளையே பான்கே கேள்விகளாக்கினார். போட்டதுதான் திரும்பி வரும். 2006-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சைலோசைபின் உட்கொண்ட 36 பேர் அதன் வழிவந்த தாளை நிரப்பினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். ‘சொல்லில் அடங்காதது’ என்பதற்கும் மதிப்பெண் உண்டு! கண்டவர் விண்டிலர் என்ற நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 22 பேர் ‘முழு அனுபூதி’ என்ற வரம்பைத் தாண்டினார்கள். ஆனால் அந்த 36 பேரில் 11 பேர் கடும் பயத்தையும் அனுபவித்திருக்கிறார்கள்; அனுபூதிக் கணக்கில் அதற்குக் கட்டமே இல்லை. பாஸ்டனிலும் சைலோசைபின் உட்கொண்ட ஒருவர் நிலைகொள்ளாமல் போய், அவருக்கு மனத்தை அடக்கும் ஊசி போட நேர்ந்தது. பான்கே தம் ஆய்வேட்டில் அதை எழுதவில்லை. 1991-இல் வெளியான மறு ஆய்வில்தான் அது தெரியவந்தது.

இப்படிக்கு,
தத்துவத் துறை வாசகர், திருச்சி