கடை வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறதா? இதைப் பாருங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். பழையபேட்டை பக்கம் சாயங்காலம் கூட்டம் சேரும் நேரத்தில்தான் பில் போட நெட் கிடைப்பதில்லை என்று பலரும் சொல்கிறீர்கள். லைன்காரரைக் கூப்பிடுவதற்கு முன், கம்ப்யூட்டரை ஒயரில் ரவுட்டரோடு சேர்த்துப் பாருங்கள். நெட் நன்றாக ஓடினால் லைனில் குறையில்லை, வைஃபையில்தான் சிக்கல்.

நம் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. அதில் 13 சேனல் (அலைவரிசைக்குள் பிரித்த பாதைகள்) இருந்தாலும், ஒன்றோடொன்று மோதாமலிருக்க வழக்கமாக எடுப்பது 1, 6, 11. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, அவர் வைக்காத ஒன்றுக்கு மாறுங்கள். 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் இடிபடும். இது தனி ஆளாகத் தீர்க்கிற விஷயமில்லை, வரிசையே பேசி வைக்க வேண்டும்.

5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் நல்லது; நெரிசல் குறைவு. ஆனால் சுவர் தாண்டினால் வலு குறையும்.

பேக்கரி வைத்திருப்பவர்கள் கவனிக்க: மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 பக்கம்தான் இயங்குகிறது. ரவுட்டரை அதைவிட்டுத் தள்ளி, இரும்பு பீரோ மறைக்காமல் உயரத்தில் மாட்டுங்கள்.

கல்லா கம்ப்யூட்டருக்கு மட்டும் நிரந்தரமாக ஒயரே போட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. சேனல் மாற்றத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் இங்கே கேளுங்கள், மாம்பழ சீசனுக்குள் எல்லாக் கடையிலும் முடித்துவிடலாம்.