படம் வரவில்லை என்பதற்காக பிபிசி மைக்ரோவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பழைய கணினிகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, அந்த அறைகளை ஸ்மார்ட் வகுப்பறைகளாக மாற்ற வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பிற்காலத்தில் வந்து பழுதான கணினிகளைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் குவியலின் அடியில் வெளிர் பழுப்பு நிறப் பெட்டி ஒன்று இருந்து, அதன் கருப்பு விசைகளுக்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வரிசை விசைகளும் இருந்தால், தயவுசெய்து அதைத் தனியே எடுத்து வையுங்கள். அது பிபிசி மைக்ரோ. 1984-85இல் மத்திய அரசின் 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நாடு முழுவதும் முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு வந்தது. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த இந்தக் கணினியை, மொஹாலியில் இருந்த மத்திய அரசின் சில்லுத் தயாரிப்பு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயும் தயாரித்தது.

இயற்பியல் ஆசிரியையாக இருந்த நான் கணினி என்ற ஒன்றை முதன்முதலில் தொட்டதே இதில்தான். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் 'பழுது' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருந்த ஒன்றை, நிர்வாகத்திடம் முறைப்படி கேட்டு வாங்கி, அண்மையில் எல்இடி டிவியில் ஓடவிட்டேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்: 'பழுது' என்று ஒதுக்கப்பட்ட இத்தகைய கணினிகள் பலவற்றில் உண்மையில் பழுது இருக்காது. பழைய மானிட்டர் போயிருக்கும். புதிய டிவியில் மாட்டிப் பார்த்திருப்பார்கள், படம் வந்திருக்காது, அல்லது கோடு கோடாக வந்திருக்கும். உடனே கணினி போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள்.

கணினி பிழைத்திருக்கிறதா என்று அறிய டிவியே வேண்டியதில்லை. மின்சாரம் கொடுத்ததும் கனமான ஒரு ஒலி எழுந்து, உடனே கூர்மையான 'பீப்' ஒன்றில் முடியும். விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இந்த இரண்டும் இருந்தால் அதன் 6502 செயலி வேலை செய்கிறது, நினைவகமும் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று பொருள். முதல் ஒலி நிற்காமல் நீண்டுகொண்டே போனால்தான் உள்ளே கோளாறு.

ஆனால் இந்தச் சோதனையை ஆர்வத்தில் அப்படியே செய்துவிட வேண்டாம். இதன் பவர் சப்ளையில், மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில், கண்ணாடி போன்ற மஞ்சள் உறை கொண்ட காகிதக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. வயதானால் உறையில் மயிரிழைபோல் வெடிப்பு விடும். அதன் வழியே ஈரம் இறங்கும். நம் ஊர்க் காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். பல ஆண்டுகள் கழித்து மின்சாரம் கொடுக்கும்போது சில நிமிடங்களில் அறை முழுக்கப் புகை. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்தான் பெரும்பாலும் இப்படிப் போவது. அதே மதிப்பில், வீட்டு மின்சாரத்தைத் தாங்கும் 'எக்ஸ்2' வகைக் கெப்பாசிட்டர் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இது நேரடி வீட்டு மின்சாரம் ஓடும் இடம், ஆகவே பழகிய மெக்கானிக்தான் கை வைக்க வேண்டும். எனக்கு இதைச் செய்து கொடுத்தவர் என்னிடம் படித்த, இப்போது டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மாணவர். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "டீச்சர், மிஷின் நல்லாத்தான் இருக்கு. டிவிதான் மாறிப்போச்சு" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. இந்தக் கணினியின் பின்புறம் படத்துக்கென்று மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஆண்டெனா ஒயரைப் போல டிவியில் செருகி 36ஆம் சேனலில் பார்ப்பது. தரம் மிகக் குறைவு, விட்டுவிடலாம். இரண்டாவது 'வீடியோ' என்ற வட்டச் செருகி. இதற்கு எளிய அடாப்டர் ஒன்று போட்டால் டிவியின் மஞ்சள் ஏவி செருகியில் மாட்டலாம். கணினிக்குள் இருக்கும் பெரும்பாலான சர்க்யூட் போர்டுகளில் கருப்பு வெள்ளையாகத்தான் வரும். பிந்தைய போர்டுகளில் எஸ்39 என்று குறித்த இணைப்பைச் சேர்த்தால் வண்ணமும் வரும்.

பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஏவியை, புதிய டிவிகளில் இருக்கும் எச்டிஎம்ஐ செருகிக்கு ஏற்றதாக ஆக்கும் சிறிய வெள்ளைப் பெட்டி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டி, எழுத்துகள் கலங்கித் தெரிவதைப் பார்த்து, பழைய கணினி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குறை கணினியில் இல்லை. மோடு 0 என்ற திரையில் இந்தக் கணினி ஒரு வரியில் 640 புள்ளிகளை 40 மைக்ரோ விநாடிக்குள் வரைகிறது. புள்ளி எரிந்தும் அணைந்தும் மாறி மாறி வந்தால் அது 8 மெகாஹெர்ட்ஸ் அலை. ஏவி செருகியோ சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும் தொலைக்காட்சிச் சமிக்ஞைக்கானது. வண்ண இணைப்பைச் சேர்த்திருந்தால் அதே ஒயரிலேயே 4.43 மெகாஹெர்ட்ஸில் வண்ணத்துக்கான அலையும் ஓடும். ஆகவே நுண்ணிய எழுத்து மங்கும், வண்ணம் இருந்தால் அதன் ஓரங்களில் இல்லாத நிறங்களும் தோன்றும். எவ்வளவு விலை கொடுத்துப் பெட்டி வாங்கினாலும் ஒயருக்குள் தொலைந்ததை மீட்க முடியாது.

மூன்றாவது வழிதான் நல்ல வழி: 'ஆர்ஜிபி' என்று எழுதியிருக்கும் ஆறு முள் செருகி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில், எரி அல்லது அணை என்ற இரண்டே நிலைகளில் வருகின்றன. அவற்றைச் சேர்த்தால் எட்டு நிறங்கள். குழப்பத்துக்கு இடமே இல்லாத சமிக்ஞை. இதை எடுத்து எச்டிஎம்ஐ ஆக்க 'ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ' என்ற வடிவமைப்பை ஆர்வலர்கள் உருவாக்கி, யாரும் செய்துகொள்ளும்படி இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். ராஸ்பெரி பை ஜீரோ என்ற விரல் நீளக் கணினியும், அதன்மேல் உட்காரும் சிறிய போர்டும்தான் அது. பிபிசி மைக்ரோ எந்தக் கணத்தில் எந்தப் புள்ளியை வெளியிடுகிறது என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் அதன் நடுவில் பார்த்துப் படிக்கிறது. கணினியைப் போட்டதும் வரும் மோடு 7 திரை, டிவியில் எழுத்துச் செய்திகளைக் காட்டும் டெலிடெக்ஸ்ட் முறைக்கான சில்லு வரைவது. ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருவதால் மலிவான பெட்டிகளில் எழுத்து நடுங்கும். இந்தப் போர்டு அந்தத் திரையைத் தானே கண்டுகொண்டு வரிகளைச் சேர்த்துவிடுகிறது. 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற வரி, பழைய வண்ண மானிட்டரில் நான் கண்டதைவிடத் தெளிவாக எல்இடி டிவியில் வந்தபோது நானும் என் மாணவரும் மாறி மாறி எதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

செய்ய நினைக்கும் பள்ளிகளுக்கு இன்னும் இரண்டு செய்திகள். இந்தக் கணினி விநாடிக்கு 50 படங்கள் அனுப்புகிறது. 60 மட்டுமே ஏற்கும் சில கணினி மானிட்டர்கள் இதைக் காட்டாது, ஆனால் நம் நாட்டு டிவிகள் 50க்குப் பழகியவை, ஆகவே டிவியில் மாட்டுங்கள். அடுத்து, டிவியின் பட அளவை 4:3 என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் வட்டம் நீள்வட்டமாகும். ஒரு மாணவி சைன், கோசைன் போட்டு வரைந்த வட்டத்தை நாம் கோணலாகக் காட்டக் கூடாது.

பெட்டியில் துளை போட வேண்டாம் என்பது என் கெஞ்சல். பழைய வீடியோ செருகியைப் பிடுங்கிவிட்டு எச்டிஎம்ஐ செருகி பொருத்துகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். தேவையே இல்லை. ஆர்ஜிபி செருகி வெளியிலேயே இருக்கிறது, போர்டும் வெளியிலேயே தொங்கட்டும். ஒலிக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இதன் பின்புறத்தில் வெளி மின்னழுத்தத்தை அளக்கும் நான்கு வழிகள் கொண்ட செருகி ஒன்றும் உண்டு. வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் ஒன்றை அதில் இணைத்து, வெந்நீர் ஆற ஆறத் திரையில் கோடு வளைந்து இறங்குவதைக் காட்டித்தான் நான் நியூட்டனின் குளிர்வு விதியை நடத்தினேன். போட்ட நொடியில் பேசிக் என்ற நிரல் மொழி தயாராக நிற்கும். பத்து வரிகளில் மாணவர்களே அந்த நிரலை எழுதிவிடுவார்கள்.

வரலாறும் இதில் இருக்கிறது. பிபிசி மைக்ரோவை உருவாக்கிய சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பிறகு ஏஆர்எம் செயலியை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் வந்த முதல் ஏஆர்எம் சில்லு, பிபிசி மைக்ரோவுடன் இணைத்துத்தான் இயக்கிப் பார்க்கப்பட்டது. இன்று நம் கைபேசிகளில் இருப்பது அந்த வழியில் வந்த செயலி. படத்தை மாற்றித் தரும் ராஸ்பெரி பைக்குள் இருப்பதும் அதுவே. மேசை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு எடுக்கலாம். எந்தப் பாடப்புத்தகமும் அப்படிக் காட்ட முடியாது.

எனவே கல்வித்துறை அலுவலர்களுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் இது. கழிவுப் பட்டியல் தயாரிக்கும்போது பிபிசி மைக்ரோ, யூனிகார்ன் இரண்டையும் தனியாகக் குறியுங்கள். மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்துச் சொல்லும் வரை 'பழுது' என்று எழுதாதீர்கள். உங்களால் வைத்துக்கொள்ள முடியாது என்றால் அறிவியல் மையங்களைக் கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைக்காமல், பிள்ளைகள் விசைகளைத் தட்டிப் பார்க்கும்படி ஒரு டிவியோடு ஒன்றையாவது அங்கே வைக்க வேண்டும். திருநெல்வேலி வட்டாரத்தில் எந்தப் பள்ளி அழைத்தாலும் வந்து சோதித்துத் தர நானும் என் மாணவரும் தயார். ஏலத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.