அப்பாவுக்கு, அமெரிக்காவின் சவானாவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா. அம்மா முழங்காலுக்கு அந்த எண்ணெய தேய்க்கிறாளா இல்ல பாட்டில் அலமாரியிலயே இருக்கா. போன்ல பேசினா நீங்க "சரி சரி, சாப்டியா"ன்னு ரெண்டு நிமிஷம், அப்புறம் அம்மா கைல குடுத்துடுறீங்க, அதான் இந்தத் தடவை டைப் பண்ணி தம்பிக்கு அனுப்புறேன், பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துக் குடுடான்னு சொல்லியிருக்கேன். கண்ணாடி போட்டுட்டு மெதுவா படிங்க. கெட்ட செய்தி எதுவும் இல்ல.

எனக்கு வேலை கெடைச்சிருக்கு. வொர்க் பெர்மிட் வந்து மூணு மாசமா சும்மா உக்காந்திருந்தேன்ல, இப்ப இங்க கல்யாண போட்டோ எடுக்கிற ஒரு அம்மாவுக்கு செகண்ட் ஷூட்டர், அதாவது கூட நின்னு எடுக்கிற ரெண்டாவது போட்டோகிராஃபர். அறுபது வயசுக்கு மேல இருக்கும் அவங்களுக்கு, ஃபிலிம் காலத்துல இருந்தே எடுக்குறாங்க. எங்க அப்பா ஃபிலிம் தயாரிக்கிற கம்பெனில இருந்தார், ஃபிலிம் மேல பூசுற வெள்ளி மருந்து செய்யுற எமல்ஷன் செக்‌ஷன்னு சொன்னேன், அவ்ளோதான், இன்டர்வியூ முடிஞ்சுது. ஊட்டியில ஃபிலிம் ஃபேக்டரியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 1967-ல இருந்து இந்துன்னு (Indu) பேர் போட்டு ஃபிலிம் வந்துச்சு, எக்ஸ்ரே ஃபிலிமும் வந்துச்சு, எங்க ஏரியாவுக்கே இந்து நகர்னு தான் பேர்னு சொன்னேன். நம்ம ஊர்க்காரங்களுக்கே பாதி பேருக்கு இப்ப தெரியாது, இந்த அம்மா வாயப் பொளந்து கேட்டாங்க.

ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை தான் என் முதல் கல்யாணம். ஊருக்கு நடுவுல பழைய டவுன்டவுன்ல ஒரு சின்ன சர்ச், ரிசப்ஷன் ஆத்தங்கரையில. மொதல்ல ஊரைப் பத்தி சொல்லிடுறேன். நம்ம ஊட்டிய உருவாக்கின சல்லிவன் துரை மாதிரி இவங்களுக்கு ஓக்லதார்ப்னு ஒருத்தர், 1733-ல வந்து கோடு போட்டு ஊரைப் பிரிச்சிருக்கார். சல்லிவன் 1819-ல மலை ஏறி வந்தப்ப இந்த ஊருக்கு 86 வயசு. கொஞ்ச தூரத்துக்கு ஒரு சதுக்கம், மரம், பெஞ்சு, நடுவுல ஒரு சிலை இல்ல ஃபவுன்டன், சுத்தி வீடு, இப்படி 24 இருந்துச்சாம், இப்ப 22. ஓக் மரம் எல்லாம் ரோட்டு மேல கூரை மாதிரி வளைஞ்சு நிக்குது, அதுல இருந்து சாம்பல் கலர்ல தாடி தொங்குது. நம்ம அவலாஞ்சி சோலைக்காட்டுல மரத்துல தாடி மாதிரி தொங்குமே, பார்க்க அச்சு அசல் அதுதான், ஆனா இது பாசியே இல்லயாம், அன்னாசி குடும்பமாம். ஸ்பானிஷ் மாஸ்னு பேரு, ஸ்பெயினும் இல்ல மாஸும் இல்ல.

இவ்ளோ பழைய வீடு எப்படி மிஞ்சுச்சுன்னு கேட்டேன். 1954-ல பழைய மார்க்கெட்ட இடிச்சு கார் பார்க்கிங் கட்டிட்டாங்களாம், ஊரே கடுப்பாகி, அடுத்த வருஷம் 1820-ல கட்டின ஒரு வீட்ட இடிக்க வந்தப்ப ஏழு பொம்பளைங்க சேர்ந்து சங்கம் வெச்சு காப்பாத்தியிருக்காங்க, அதுல இருந்து தான் ஒவ்வொரு வீடா காப்பாத்த ஆரம்பிச்சது. ஐம்பது வருஷம் கழிச்சு அந்த பார்க்கிங்கையும் இடிச்சுட்டு திரும்ப சதுக்கமாவே ஆக்கிட்டாங்க, அது தனி கூத்து. அப்பா, நீங்க நம்ம மார்க்கெட் பக்கம் போறப்ப நாலு போட்டோ எடுத்து வைங்க, சும்மா கடைங்கள.

வெயில் தான் கொல்லுது. 95 டிகிரி, நம்ம கணக்குல 35. ஆனா கோயம்புத்தூர் 35 இல்ல இது, ஈரத்துணிய முகத்துல போட்ட மாதிரி. ரெண்டாயிரத்து இருநூறு மீட்டர் ஒசரத்துல ஸ்வெட்டரோட வளர்ந்த பொண்ணு கடல் மட்டத்துக்கு வந்தா என்ன ஆகும். கறுப்பு பேன்ட் கறுப்பு சட்டை தான் போடணும்னு ரூல் வேற, போட்டோக்காரங்க கண்ணுல படக்கூடாதாம். நம்ம ஊர்ல வீடியோ லைட் புடிக்கிற பையன் மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நடுவுலயே நிப்பான்.

இங்க தான் நான் ஒரு சொதப்பு சொதப்பினேன். பொண்ணு ரெடி ஆகுறத ஹோட்டல்ல ஏசி ரூம்ல ரெண்டு மணி நேரம் எடுத்துட்டு இருந்தோம், அப்புறம் கீழ இறங்கி வாசல்ல இருந்து கார் ஏறுறத எடுக்கணும். வெளிய கால் வெச்சேன், கேமராவ தூக்கினேன், எல்லாம் வெள்ளை. லென்ஸ் மேல புகை படிஞ்சிருச்சு. நம்ம வீட்ல நீங்க குளிர்ல இருந்து அடுப்படிக்குள்ள வந்தவுடனே உங்க கண்ணாடி வெள்ளையாகுமே, அம்மா சிரிப்பாளே, அது அப்படியே தலைகீழா இங்க, உள்ள இருந்து வெளிய போனா ஆகுது. ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்கிற மாதிரி தான். துடைச்சேன், திரும்ப வந்துச்சு, துடைக்கத் துடைக்க வருது, கண்ணாடி சூடாகுற வரைக்கும் போகாது. அந்த அம்மா காலையிலயே சொன்னாங்க, ஒரு கேமராவ கார் டிக்கியில வெச்சிடு, வெளி சூட்டுலயே இருக்கட்டும்னு. நான் புதுசா வாங்கின கேமரா வெயில்ல கெட்டுப்போயிடும்னு கூடவே வெச்சிருந்தேன். பொண்ணு கவுன தூக்கிட்டு படி இறங்குறது மொத்தமும் என் பக்கம் போச்சு. திட்டினா பரவால்ல, "பரவாயில்ல ஹனி"ன்னு சிரிச்சாங்க பாருங்க, அதுக்கு நீங்க ஸ்கேல்ல அடிச்சதே மேல். இப்ப கேமரா எல்லாம் ஜிப் போட்ட பைல போட்டு தான் ரூம்ல இருந்து வெளிய கொண்டு வர்றேன். ஊட்டியில ஃபங்கஸ் வரக்கூடாதுன்னு நீங்க அலமாரிக்குள்ள பல்பு எரிய விட்டீங்க, இங்க இந்த வித்தை.

நாலரை மணிக்கு மழை. நம்ம ஆடி மாசத்து மழை மாதிரி நாள் பூரா நசநசன்னு இல்ல, இருபது நிமிஷம் கொட்டி தீர்த்துட்டு உடனே வெயில், ரோட்டுல இருந்து ஆவி. ஆனா அதுக்கப்புறம் வந்த வெளிச்சம் இருக்கே அப்பா, ஈர செங்கல் சுவரு, தூரத்துல பெரிய கதீட்ரலோட ரெண்டு வெள்ளை கோபுரம் (அது 1898-ல எரிஞ்சு போய் திரும்பக் கட்டினதாம்), பொண்ணு ஒரு பக்கம் குடை புடிச்சு நிக்குறா.

சர்ச்சுக்குள்ள ஒரு அம்மா ரூல் சொல்ல வந்தாங்க. ஃப்ளாஷ் கூடாது, முதல் வரிசை பெஞ்ச தாண்டக்கூடாது, பூசை நடக்கிறப்ப நடமாடக்கூடாது, முடிஞ்சதும் குடும்ப போட்டோவுக்கு இருபது நிமிஷம், அப்புறம் கதவ சாத்திடுவேன். நான் பின்னாடி மேல பாட்டுக்காரங்க நிக்கிற மாடியில. உள்ள இருட்டு, மரக்கூரை, கலர் கண்ணாடி. எனக்கு நம்ம ஸ்டீஃபன்ஸ் சர்ச் தான் ஞாபகம் வந்துச்சு, சேரிங் கிராஸ் ஸ்டுடியோ அண்ணனோட போய் லைட் புடிச்சுட்டு நின்னப்ப மேல இருக்குற உத்தரத்த காட்டி இது ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனையில இருந்து வந்த மரம்னு சொல்லுவாரு. சரி, கறுப்பு கோட்டு, வெள்ளை கவுன், ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல, இருட்டுல. வெள்ளைக்கு பார்த்து வெச்சா கோட்டு கரியாகுது, கோட்டுக்கு வெச்சா லேஸ் எல்லாம் சுண்ணாம்பு. வெள்ளைய காப்பாத்து, கறுப்ப அப்புறம் தூக்கிக்கலாம்னு எங்க போட்டோ அம்மா சொல்லியிருந்தாங்க, ஃபிலிம்ல அதுக்கு நேர் எதிர்னு நீங்க சொல்லுவீங்க, தெரியும். வெளிச்சத்த உணர்ற ஐஎஸ்ஓவ 3200-க்கு ஏத்தினேன். சத்தம் வராத ஷட்டர் போட்டா இந்த எல்ஈடி லைட்டுக்கு படத்துல பட்டை பட்டையா கோடு விழுது, சத்தத்தோட எடுத்தா பாதிரியார் திரும்பி பார்க்குறாரு. பாட்டு வர்றப்ப மட்டும் எடுத்தேன்.

இங்க தாலி கிடையாது, மோதிரம் மட்டும் தான். நம்ம ஊர் கிறிஸ்டியன் கல்யாணத்துல ரெண்டும் இருக்கும்ல. கடைசில முத்தம், அம்மாவுக்கு இத படிச்சு காட்ட வேணாம், மொத்தமே ரெண்டு செகண்ட், அத விட்டா திரும்ப குடுங்கன்னு கேக்க முடியாது. தாலி கட்டுற நேரத்துல கெட்டிமேளம் அடிச்சு ஆளாளுக்கு முன்னாடி வந்து மறைப்பாங்களே, இங்க யாரும் மறைக்கல, எல்லாரும் கப்சிப்னு உக்காந்திருக்காங்க, அதுவே எனக்கு பயமா இருந்துச்சு.

அப்புறம் குடும்ப போட்டோ. நம்ம ஊர்ல மேடையில ஏறி மொய் குடுத்து நின்னா போட்டோ, யாரு யாருன்னு போட்டோகிராஃபருக்கு தெரியவே வேணாம். இங்க கைல லிஸ்ட், நான் தான் பேர் வாசிக்கணும். அதுல பொண்ணோட அப்பா பேருக்கு எதிர்ல ஒரு குறிப்பு: அம்மாவையும் அப்பாவையும் பக்கத்துல நிறுத்தக்கூடாது. அவங்க பிரிஞ்சு வருஷக்கணக்காச்சாம், அவருக்கு இன்னொரு குடும்பம். மனுஷன் தூண் பக்கத்துல தனியா நின்னுட்டு, நான் பேர் கூப்பிட்டவுடனே ஸ்கூல் பையன் மாதிரி "யெஸ்"னு வந்தாரு.

ரிசப்ஷன் ஆத்தங்கரையில பழைய பஞ்சு கிடங்கு. கீழ ரோடு பூரா உருளைக்கல்லு, அந்தக் காலத்து கப்பல்ல பாரத்துக்கு போட்டு வந்து இங்க கொட்டின கல்லு, தோழிப் பொண்ணுங்க எல்லாம் ஹீல்ஸ கழட்டி கைல புடிச்சுட்டு நடந்தாங்க. அழகான இடம் தான், செங்கல், இரும்புப் பாலம், எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னு தான் போட்டோ கேக்குறாங்க. ஆனா அந்தப் பஞ்ச பறிச்சது அடிமைங்க, அவங்க உழைப்புலயும், அவங்கள வித்த காசுலயும் வளர்ந்த ஊரு. நம்ம டீ எஸ்டேட்ல டூரிஸ்ட் நின்னு எடுக்கிறப்ப உங்க அம்மா, எங்க அப்பாயி, சொல்லுவாங்கல்ல, அட்டைக்கடிய சேர்த்து எடுன்னு. அது ஞாபகம் வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல.

சாப்பாடு மக்காச்சோள ரவைய களி மாதிரி கிண்டி மேல இறால் போட்டு தர்றாங்க, நல்லா இருந்துச்சு. நம்மள மாதிரி வேலைக்காரங்களுக்கு மூலையில தனி டேபிள், ஆனா சூடா குடுத்தாங்க, கடைசி பந்தி இல்ல. மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட் ஒருத்தன் மைக் புடிச்சு பேசிட்டு இருக்கான், திடீர்னு ஜன்னல் பூரா இருட்டு, ஒரு கன்டெய்னர் கப்பல், ஏழு மாடி எட்டு மாடி ஒசரத்துக்கு பெட்டி அடுக்கி, சத்தமே இல்லாம பக்கத்துல போகுது. பேச்ச விட்டுட்டு மொத்த கல்யாணமும் ஜன்னலுக்கு ஓடிருச்சு. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற துறைமுகத்துக்கு தான் போகுது அது, நைட் வீட்டுக்கு வந்து சொன்னா எந்தக் கப்பல்னு கேக்குறார்.

இப்ப தான் நான் சொல்ல வந்தது. ரிசப்ஷன்ல அப்பாவும் பொண்ணும் ஒரு பாட்டுக்கு ஆடணும், இங்க வழக்கம். அந்த அம்மா முன்னாடி இருந்து ரெண்டு பேரையும் எடுப்பாங்க, என் வேலை சுத்தி இருக்குற முகங்கள். நான் முகத்த எடுக்கல. அவர் கை என் பக்கம் இருந்துச்சு. மெக்கானிக்காம், நகக்கண்ணுல போகாத கறுப்பு. பொண்ணு முதுகுல வெள்ளை லேஸ் மேல உள்ளங்கைய வெக்காம விரல் நுனி மட்டும் பட்டும் படாம வெச்சிருந்தாரு, அழுக்காயிடும்னு. பாட்டு முடியுற வரைக்கும் அப்படியே. உங்க விரல் நுனியில அந்த சில்வர் நைட்ரேட் கறை இருக்குமே, அம்மா எலுமிச்சம்பழம் தேய்ச்சும் போகாதே, ஸ்கூல் டேக்கு வந்தப்ப கைய ஸ்வெட்டருக்குள்ள இழுத்துட்டு உக்காந்திருந்தீங்க. நான் பதினோரு ஃப்ரேம் எடுத்தேன், அந்தக் கை மட்டும்.

வீட்டுக்கு வந்து என் கல்யாண ஆல்பத்த எடுத்து பார்த்தேன், நைட் ஒரு மணிக்கு. தாரை வார்க்கிறப்ப நீங்க குனிஞ்சிருக்கீங்க, ஹோமப் புகை வேற. இன்னொண்ணுல முதுகு. இன்னொண்ணுல ஜெனரேட்டர்காரன்கிட்ட ஏதோ சொல்லிட்டு இருக்கீங்க, பாதி தலை. ஒண்ணுல கூட முகம் இல்ல அப்பா. ஊர்க்காரன் போட்டோவுக்கெல்லாம் இருட்டுல நின்னு ஃபிலிம் செஞ்சுட்டு இருந்தீங்க.

கல்யாணம் பத்து மணிக்கு முடிஞ்சது, எல்லாரும் ரெண்டு வரிசையா நின்னு கம்பி மத்தாப்பு கொளுத்தி நடுவுல பொண்ணு மாப்பிள்ளைய ஓட விட்டாங்க. மத்தாப்பு ஒரு கஜ நீளம், நம்ம தீபாவளிக்கு நமுத்துப் போய் மூணாவது குச்சியில தான் பத்துமே அப்படி இல்ல. அது நல்லா வந்திருக்கு, தம்பி போன்ல அனுப்பியிருக்கேன் பாருங்க.

ஒரு வேலை செய்யுங்க. தம்பி மொபைலே போதும், ஃப்ளாஷ் வேணாம். சாயங்காலம் நாலு மணி, மிஸ்ட் இறங்குறதுக்கு முன்னாடி, வாசல் திண்ணையில உக்காருங்க, வெளிச்சம் உங்க இடது பக்கமா வரும். மங்கி கேப்ப கழட்டிடுங்க, அம்மா சளி புடிக்கும்பா, ரெண்டு நிமிஷம் தான்னு சொல்லுங்க. கைய ஸ்வெட்டருக்குள்ள இழுத்துக்காதீங்க, மடியில வைங்க. பத்து எடுக்கச் சொல்லுங்க அவன, எதையும் டெலிட் பண்ணாம அப்படியே எனக்கு அனுப்பட்டும்.

வர்க்கி இந்தத் தடவை கொரியர்ல போடாதீங்க, போன தடவை தூளா தான் வந்துச்சு, ஸ்பூன்ல சாப்பிட்டோம்.

உங்க பாப்பா